ஊதிப்போன நட்சத்திரமும் என் அரியரும்

8-2-2004, ஞாயிறு
இருங்காட்டுக்கோட்டை அறையில் நான்கு பேருக்கு ஒரே மின்விசிறி. பி.எஸ்சி. இயற்பியலில் எனக்கு ஒரே ஒரு அரியர், நிறமாலையியல். ஏப்ரல் பரீட்சையோடு பழைய பாடத்திட்டம் முடிகிறது. இந்த முறையும் தவறினால் டிகிரியே இல்லை. புத்தகத்தைத் திறந்தேன். மூடினேன்.

10-2-2004
கார் கம்பெனியில் சக்கரத்துக்கு எடை சமன் பார்க்கும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். முதல் நாளே மானம் போயிற்று. சக்கரத்தைச் சுற்றிவிட்டால் கனமான பக்கம் கீழே வந்து நிற்கும். நான் அங்கேயே சமன் செய்யும் ஈயக்கட்டியை அடித்துவிட்டேன். மறுபடி சுற்றினால் ஸ்டாண்டே ஆடுகிறது. சூப்பர்வைசர் கோதண்டராமன் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னாபா மணி, கனமா கீற எடத்துலயே கனத்த ஏத்திகினு கீற? எதிர்ல வையி. ஆடுதுன்னா எங்கியோ கனம் கீதுன்னு அர்த்தம்."

22-2-2004
டீக்கடைப் பேப்பரில் ஒரு துணுக்கு. வயதாகி ஊதிப்போன ஒரு நட்சத்திரத்தை வியாழனைவிடப் பெரிய கோள் ஒன்று சுற்றுகிறதாம். கோளை யாரும் பார்க்கவில்லை. நட்சத்திரம் ஆடுவதை வைத்தே கண்டுபிடித்திருக்கிறார்கள். அட, நம்ம சக்கரம்தானே இது? நட்சத்திரம் நம் பக்கம் ஆடினால் அதன் ஒளியில் தெரியும் நிறக்கோடு நீலத்துக்கு நகரும், விலகினால் சிவப்புக்கு. மூன்று வருஷம் உருப்போட்டும் ஏறாத டாப்ளர் விளைவு, டீ ஆறுவதற்குள் ஏறிவிட்டது.

23-2-2004
நேற்றைய துணுக்கிலேயே இன்னொன்றும் இருந்தது. இந்த மாதிரிப் பெரிய நட்சத்திரங்கள் இளமையில் தலைதெறிக்கச் சுழலுமாம். அதனால் நிறக்கோடுகள் கலங்கிக் கிடக்குமாம். வயதாகி வேகம் அடங்கிய பிறகுதான் கூட ஒரு கோள் இருப்பதே பிடிபடுகிறது. அரியர் வைத்தவனுக்கு இதைவிட என்ன ஆறுதல் வேண்டும்? அறைத்தோழன் சக்திகுமாரிடம் சொன்னேன். "ஆறுதல் கெடக்கட்டும்ல. மொதல்ல லீவு கேளு" என்றான்.

29-3-2004
புது மாடல் வருகிறது, ஏப்ரலில் யாருக்கும் லீவு இல்லை என்று போர்டில் ஒட்டிவிட்டார்கள். நான் கான்ட்ராக்ட் ஆள். பரீட்சைக்குத் திருநெல்வேலி போனால் வேலையும் போகுமோ? கேக்கவே பயமா இருக்கு.

30-3-2004
கேட்டுவிட்டேன். கோதண்டராமன் முறைத்தார். "பரீச்சன்னு மொதல்லியே சொல்றதுக்கு இன்னா? ரெண்டு நாளு உன் எடத்துல நான் நிக்கிறேன். போய் எழுதினு வா."

20-4-2004, திருநெல்வேலி
நட்சத்திரம் பற்றிக் கேள்வியே இல்லை. டாப்ளரும் ஐந்து மதிப்பெண்ணுக்குத்தான் வந்தது. ஆனால் கோடு ஏன் நகர்கிறது என்று புரிந்தவனுக்கு மற்ற கேள்விகளும் பழகியவைபோல இருந்தன. போன தடவைகளில் அரை மணி ஆனதும் தாளைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். இன்று நான் எழுந்து நின்றதும் மேற்பார்வைக்கு வந்தவர், "என்னப்பா, கெளம்பியாச்சா?" என்றார்.

"இல்ல சார். அடிஷனல் ஷீட் வேணும்."