குங்குமம் பிடித்த சோங்கு

மச்சாள்,

சனிக்கிழமை அந்தத் துவக்குக் கடையில் நின்றவர்கள் இவ்வளவு பேர்தான்: நான், உங்கள் தம்பி, உங்கள் மகள், கடைக்காரர், ஹீட்டருக்குப் பக்கத்தில் படுத்திருந்த அவருடைய கிழட்டு நாய். நீங்கள் இல்லை என்பதையும் சேர்த்து எழுதினால்தான் எனக்குக் கணக்குச் சரிவரும்.

கடைக்காரர் உள்ளே போய் உங்கள் துவக்கை உறையோடு கொண்டுவந்து மேசையில் வைத்து ஜிப்பை இழுத்தார். அந்த எண்ணெய் மணம் எழும்பி வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கிங்ஸ்பரியிலிருந்து நீங்கள் வந்து என்னை ஏற்றும்போது கார் முழுக்க இருந்த மணம். உங்கள் மகள் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் குனிந்து சோங்கைப் பார்த்தேன். தோளில் அணைக்கும் அந்த மரத்தின் நுனியில் சிவப்பு அப்படியே இருந்தது.

அந்தச் சிவப்பு வந்த கதை உங்களுக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன். சரஸ்வதி பூசைக்கு எல்லாரும் புத்தகம் வைக்க, நீங்கள் துவக்கைக் கொண்டுவந்தீர்கள். "ஆயுத பூசை எண்டு பேரை வச்சிட்டு, ஆயுதத்தை வைக்காட்டி எப்பிடி?" என்றீர்கள். தோட்டா இல்லாமல், மடித்துத் திறந்தபடி, பட்டுத்துணியில் கிடத்தினோம். நான் சந்தனம் குழைத்து, குங்குமம் வைத்தேன். பூசை முடிந்ததும் நீங்கள் அதைக் கொண்டுபோய் இரும்பு அலுமாரியில் பூட்டினீர்கள். வைத்த பொட்டை விஜயதசமிக்கு முன் துடைக்கக்கூடாது என்று நான் சொல்ல, நீங்களும் ஓம், சரி என்றீர்கள். விடிந்து பார்த்தால் மரம் எல்லாவற்றையும் குடித்துவிட்டது. துடைக்கத் துடைக்க வடிவாகப் பரவியது. எனக்கு அழுகை வந்தது. நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். "விடும். இனி இது சைவத் துவக்கு."

முதன்முதல் நீங்கள் சுடப் பழகப்போகிறேன் என்றபோது நான் எவ்வளவு சண்டை பிடித்தேன்! "விரதம் பிடிக்கிற குடும்பம், சுடுறதோ?" என்றேன். "அதில உயிர் ஒண்டும் இல்லையப்பா. களிமண் தட்டு. மெசின் மேல எறியும், பறக்கேக்க சுட்டு உடைக்கிறது. நீர் உம்மட குசினியில உடைக்கிற அளவு நான் உடைக்கமாட்டன்" என்றீர்கள்.

குரல் கேட்டதும் தட்டை எறிகிற மெசின் அது. மற்றவர்கள் எல்லாரும் இங்கிலீசில் 'புல்', அதாவது 'இழு', என்று கத்துவார்கள். நீங்கள் முதல்நாளே நிதானமாகக் கால் அகட்டி நின்று, "முருகா!" என்றீர்கள். தட்டு பறந்தது. வரிசையில் நின்ற வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பூமிக்குள் போகலாம் போலிருந்தது. "சாமியின்ர பேரைச் சொல்லியோ உடைக்கிறது?" என்று காதுக்குள் கேட்டேன். "உடைக்கிறது நான். அவரைத் துணைக்குத்தான் கூப்பிடுறன்." பிளாஸ்கில் தேத்தண்ணியோடு வந்து உங்களுக்குப் புள்ளி எழுதிக்கொண்டிருந்த என்னை ஒருநாள் எழுப்பி, "எழுதினது காணும், பிடியும்" என்று துவக்கைக் கையில் தந்தீர்கள். அன்று நான் ஒரு தட்டையும் தொடவில்லை. அடுத்த ஞாயிறு உங்களுக்கு முன்னம் வெளிக்கிட்டு வாசலில் நின்றேன்.

இந்தக் கடையில்தான் நீங்கள் இதை வாங்கினீர்கள். அன்று மேசையில் இரண்டு கிடந்தன. ஒன்று பழைய மாதிரி, வால்நட் மரம், உலோகத்தில் பறவை செதுக்கியது. மற்றது பட்டாளத்துப் பாணி, முழுக்கக் கறுப்பு, சோங்கை நீட்டலாம், குறைக்கலாம். உங்கள் கை திரும்பத் திரும்பக் கறுப்பிடம் போனதை நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அது பாரமில்லை, தோளிலும் இடிக்காது. ஆனால் மரத்தை எடுத்தீர்கள். காரில் ஏறிய பிறகு சொன்னீர்கள்: "தம்பி பாவம். கறுப்பைக் கண்டால் அவனுக்குச் சென்றி ஞாபகம் வரும்."

ஊரில் ஆமிக்காரர் சோதனைச் சாவடியில் மறித்து, என் மனுசனைத் துவக்குச் சோங்கால் அடித்தார்கள். இன்றைக்கும் அவருடைய இடக்கை தோளுக்கு மேலே எழும்பாது. அதைப் பற்றி அவர் பேசுவதில்லை. நாமும் கேட்டதில்லை. அவருக்காக நீங்கள் இடிக்கிற துவக்கோடு அத்தனை ஞாயிறும் நின்றீர்கள்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு, அனுமதி இல்லாத வீட்டில் துவக்கு இருக்க ஏலாது என்று அதைக் கடையில் ஒப்படைத்தார்கள். உங்கள் மகள், "அது அங்கேயே கிடக்கட்டும் மாமி" என்றாள். நான் விடவில்லை. சட்டப் புத்தகத்தை அகராதியோடு வைத்துப் படித்தேன். பொலிசில் இருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து பூட்டைப் பார்த்தார், சாமியறையைப் பார்த்தார், எனக்கு ஏன் துவக்கு என்று கேட்டார். "ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பழகிய விளையாட்டு. விடுகிற எண்ணம் இல்லை" என்றேன். என் இங்கிலீசில் அதுதான் பிழையில்லாமல் வந்த வசனம். அனுமதி கிடைத்தது.

பிறகுதான் தெரிந்தது, உங்கள் உயரத்துக்கு வெட்டிய சோங்கு எனக்கு நீளம் என்று. கடைக்காரர் தோளில் வைத்துப் பார்க்கச் சொன்னார். நுனி கக்கத்தில் முட்டியது, கண் குழாய்க்கு நேரே வரவில்லை. இப்படிச் சுட்டால் கன்னம் கண்டிப்போகும், தோளும் போகும் என்றார். இறுகிப்போய் இப்போதுதான் கொஞ்சம் அசைகிற தோள் எனக்கு.

வழி இரண்டு என்றார். மரத்தின் நுனியை அறுத்துக் கட்டையாக்கலாம். அறுத்தால் சிவப்புப் பட்ட பகுதி போய்விடும். அல்லது மரத்தைக் கழற்றிவிட்டு, என் உடம்புக்கு ஏற்ப நீட்டிக் குறைக்கிற கறுப்புச் சோங்கைப் பூட்டலாம். குழாயும் விசையும் உங்களுடையதாகவே இருக்கும். புது மரத்தில் செய்ய மாதக்கணக்காகும், பிறகு என் தோளுக்குத் தக்கபடி மாற்றவும் ஏலாது. கறுப்பை எடுத்துக் காட்டினார். இளம் பெடியள் இப்போது இதைத்தான் கேட்கிறார்களாம்.

உங்கள் மகளுக்குக் கோபம் வந்துவிட்டது. "மாமி, சீரியஸா? அம்மான்ர துவக்கு கிளாசிக். இதைப் பூட்டினா ஆமிக்காரன்ர மாதிரி இருக்கும்."

"எனக்குப் பொருந்த வேணுமே பிள்ளை."

"அப்ப வேற ஒண்டு வாங்குங்கோவன். அம்மான்ரைய விடுங்கோ." பிறகு குரலைத் தாழ்த்தி, "மாமாவையும் பாருங்கோ" என்றாள்.

பார்த்தேன். உங்கள் தம்பி நாயின் காதைச் சொறிந்துகொண்டு குந்தியிருந்தார். "நீங்கள் வெளியில நில்லுங்கோவன், நான் இதை முடிச்சுக்கொண்டு வாறன்" என்றேன்.

அவர் மெதுவாக எழும்பி வந்தார். கறுப்புச் சோங்கைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். வலக்கையால்தான்.

"எனக்கு அடிச்சது மரம்" என்றார்.

எங்களுக்கு உடனே விளங்கவில்லை.

"அவங்கட துவக்குக்கு மரச்சோங்கு. இந்த நிறந்தான், இந்தப் பளபளப்புத்தான்." உங்கள் துவக்கை விரலால் காட்டினார். "அக்கா இதை வாங்கிக்கொண்டு வந்து, 'பார் தம்பி, வடிவா இருக்கே?' எண்டு கேட்டவ. எனக்காகத்தான் இதை எடுத்தவ எண்டு தெரிஞ்சுது. பிறகு என்னத்தைச் சொல்ல? ஓம் அக்கா, வடிவு எண்டன்."

"பிறகு ஏன் மாமா அம்மாட்டச் சொல்லேல்ல?" என்றாள் உங்கள் மகள்.

"முதல் நாள் பார்க்க ஏலாமல்தான் இருந்தது. பிறகு உன்ர அம்மா ஒவ்வொரு ஞாயிறும் அதைத் தோளில போட்டுக்கொண்டு சிரிச்சுச் சிரிச்சு வருவா. வரவர அது அக்கான்ர சாமானாப் போச்சுது." என் பக்கம் திரும்பி, "உமக்கு எது தோளில நோகாதோ அதை எடும். கறுப்போ, பச்சையோ, எனக்கு ஒண்டுமில்லை" என்றார்.

கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. எங்கள் பேச்சு முடிந்த பிறகுதான், எது வேணும் என்று என்னைக் கேட்டார், நல்ல மனிதர்.

நான் கறுப்பைச் சொன்னேன். மரத்தை அறுக்கவிடவில்லை, முழுதாகக் கழற்றித் தரச் சொன்னேன். தனிச் சோங்குக்கு அனுமதி தேவையில்லை, யாரும் வைத்திருக்கலாமாம். அதை உங்கள் மகளிடம் கொடுத்தேன். டாக்சியில் வரும்வழி முழுக்க அவள் அதை மடியில் வைத்திருந்தாள். வெம்பிளியில் நாங்கள் இறங்கும்போது, "இந்தச் சரஸ்வதி பூசைக்கு இதையும் கொண்டுவாறன்" என்றாள். கறுப்பு இன்னும் அவளுக்குப் பிடிக்கவில்லை. பரவாயில்லை. எனக்குப் பொருந்துகிறது. மைதானத்தில் பழைய ஆட்கள் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். நீங்கள் முதல்நாள் கத்தியபோதும் அப்படித்தானே பார்த்தார்கள்.

பூசைக்கு அந்தக் கறுப்பிலும் சந்தனம் வைப்பேன். பிளாஸ்டிக் அல்லவா, குடிக்காது, துடைத்தால் போய்விடும். ஆனாலும் வைப்பேன்.

இந்த ஞாயிறு நான் தனியாக நிற்கப்போகிறேன், மச்சாள். கால் அகட்டி நிற்பது, தட்டு இருக்கிற இடத்தை விட்டு அது போகிற இடத்தைப் பார்ப்பது, சுட்ட பிறகும் குழாயை நிறுத்தாமல் கொண்டுபோவது, எல்லாம் நீங்கள் தந்தபடியே என்னிடம் இருக்கிறது. கூப்பிடுகிற சொல் மட்டும் உங்களுடையது. உங்களோடு வந்த காலமெல்லாம் நான் வெட்கத்தில் 'புல்' என்றுதான் சொன்னேன். இனி முருகனைத்தான் கூப்பிட இருக்கிறேன், வரிசையில் கடைசியில் நிற்பவருக்கும் கேட்க. உங்களுக்குச் சம்மதமோ? ஞாயிறுக்கு முன்னம், கெதியாகப் பதில் சொல்லுங்கோ.