ஐஸ் பெட்டியில் ஒரு குப்பி

செவ்வாய் ராத்திரி, சங்கரன்கோவில்

இன்றைக்குக் கரண்டு கட் என்பதையே மறந்து காலையில் வெளியே போய்விட்டேன். மதியம் வந்து பார்த்தால் ஃப்ரிட்ஜ் காலி. என் குப்பியை வைத்திருந்த டப்பாவைக் காணோம். மல்லிகை மொட்டில் மணத்தை அவிழ்த்துவிடுகிற என்சைமை முதன்முதலில் பிரித்தெடுத்தவள் நான். அத்தனை வருஷ ஆராய்ச்சியில் மிஞ்சியது அந்த ஒரே குப்பி. சூடு பட்டால் போச்சு.

பூக்கடையில் இருந்த மதினிக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"எதுக்குட்டி இப்படிக் கத்துத? மாவு புளிச்சிரும்லா, அதான் பூ வைக்குத ஐஸ் பெட்டிக்குக் கொண்டாந்தேன். ஒன் டப்பாவையும் அதுலதான் வச்சிருக்கேன்."

ஆட்டோ பிடித்து ஓடினேன். பிச்சிப்பூவுக்கு நடுவில் குப்பி சில்லென்று கிடந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து சோதனைத் திரவத்தில் ஒரு சொட்டு விட்டேன். மஞ்சளாக மாறியது. என்சைம் சாகவில்லை. அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

ராத்திரி தோசை ஒரே புளிப்பு. மாவும் ஐஸில்தானே இருந்தது என்று கேட்டேன்.

"மத்தியானம் நீ வாரதுக்கு முன்னாலயே பூ லோடு வந்துட்டு. பெட்டியில எடம் பத்தல. மாவை வெளிய எடுத்து வச்சிட்டேன்" என்றாள் மதினி.

இன்னொரு தோசை கேட்டு வாங்கித் தின்றேன்.