சங்கு தீர்த்தக் கரையில் நின்ற வண்டி

1975 ஆகஸ்ட் 11, திங்கள்

செங்கல்பட்டு மார்க்கெட்டில் என்னிடம் மீன் எடுக்கிற செங்கம்மாள் இன்று என் கூடையை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தாள். "இன்னா பூவாயி, வவ்வாலு மீனு டீசல் குடிச்சிட்டு வந்துகீதா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் மீனை எடுக்கவில்லை.

அண்ணனின் பிக்கப் வண்டியில் டாங்கி சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அதிலிருந்து இறங்கும் டீசல் பைப்பில் எங்கேயோ கசிவு. நான் கூடை வைக்கிற பலகை தொட்டால் வழவழக்கிறது. அண்ணன் தணிகைவேல் சவுக்காரத்தைக் குழைத்து அப்பி, மேலே துணி சுற்றிக் கட்டினான். "இனிமே வராது" என்றான்.

ஆகஸ்ட் 13

வருகிறது.

ஆகஸ்ட் 16, சனி

திருக்கழுக்குன்றத்தில் ஒரு பட்டறைக்காரர் நட்டை இறுக்கிக் கொடுத்தார். அதற்கப்புறம் சொட்டு போய் ஒழுக்காகிவிட்டது. பைப்பில் காற்று வேறு ஏறிவிடுகிறதாம், காலையில் வண்டி கிளம்ப அடம் பிடிக்கிறது. எங்கள் தேவனேரிக் குப்பத்து மீன் முக்கால்வாசி எங்கள் வண்டியில்தான் போகிறது. வேறு வண்டி பார்க்கலாம் என்று கரையில் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

சோறு போடும்போது, "கண்ணாயிரத்துகிட்ட காட்டலாமே" என்றேன். அண்ணன் பாதிச் சோற்றில் கை கழுவிக்கொண்டு எழுந்து போனான்.

அந்தப் பெயரை இந்த வீட்டில் சொல்லி எத்தனை வருஷம் ஆயிற்று? அண்ணனும் அவனும் ஒரே கட்டுமரத்தில் தொழில் பழகியவர்கள். கண்ணாயிரம் கடலை விட்டுவிட்டுச் செங்கல்பட்டில் மெக்கானிக் வேலைக்குப் போனான். அவன் என்னைக் கேட்டு வந்தபோது அப்பா, "கடலுக்குப் போவாதவனுக்குப் பொண்ணு இல்ல" என்றார். அண்ணன் பக்கத்தில்தான் நின்றான். ஒரு வார்த்தை பேசவில்லை. அதோடு சிநேகிதம் முறிந்தது. என்னைச் சதுரங்கப்பட்டினத்தில் கொடுத்தார்கள். கட்டினவரைக் கடல் கொண்டுபோனது, நான் திரும்பி வந்தேன். அப்பாவும் போய்விட்டார். இப்போது அண்ணனே கடலுக்குப் போவதில்லை, வண்டி ஓட்டுகிறான். இதை யார்கிட்ட போய் சொல்றது?

ஆகஸ்ட் 20, புதன்

இன்று திருக்கழுக்குன்றத்தில், சங்கு தீர்த்தக் குளக்கரையில் வண்டி நின்றேவிட்டது. பின்னால் மீன், ஐஸ் கரைந்து ஓடுகிறது. அண்ணன் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா நின்றான்.

"நான் போயி அவன கூட்டிக்கினு வரேன்" என்றேன்.

வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. அது போதும் எனக்கு. பஸ் ஏறிவிட்டேன்.

ஜன்னல் வழியே மலையைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு சித்திரையில் நாங்கள் மூன்று பேரும் கோயில் சோறு தின்ன வரும் கழுகு ஜோடியைப் பார்க்க ஏறியிருந்தோம். உச்சி வெயில். இரண்டு வர வேண்டியதில் ஒன்றுதான் வந்தது. "இன்னொன்னு ரிப்பேருக்குப் போயிருக்கும்" என்றான் கண்ணாயிரம். அண்ணன் சிரிப்பை அடக்க முடியாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். இறங்கும்போது நிழல் விழுந்த ஓரத்தை எனக்கு விட்டுவிட்டு, கண்ணாயிரம் சுடுகிற படியில் இறங்கினான். இதெல்லாம் எனக்கு ஞாபகம் இருப்பது அவனுக்குத் தெரியுமா?

ரயில்வே கேட் பக்கத்தில் அவன் பட்டறை. மீசை நரைத்திருந்தது.

"வண்டி நின்னுபோச்சு. வரியா?"

"யாரு வண்டி?"

"அண்ணன்து."

கையைத் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான். பிறகு சாமான் பையை எடுத்துக்கொண்டான். பஸ்ஸில் வரும்போது, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். "அம்மா இருந்துச்சு. போன வருசம் போயிடுச்சு" என்றான். வேறு யாரையும் சொல்லவில்லை.

அவனைப் பார்த்ததும் அண்ணன் ஒதுங்கி நின்றான். கண்ணாயிரம் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தான். பைப்பைப் பிடித்திருக்க வேண்டிய பட்டை எப்போதோ விழுந்துவிட்டிருந்தது. பைப் ஆடி ஆடி நட்டு ஓரமாக விரிசல். "இறுக்கினா இன்னும்தான் கிழியும்" என்றான், வண்டியிடம் சொல்வது போல. கெட்ட நுனியை அறுத்துவிட்டு, புது நுனி அடித்து மாட்டினான். சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றித் தகரப் பட்டை போட்டு முடுக்கினான்.

பைப்பில் ஏறிய காற்றை எடுக்க வேண்டும். ஒருவர் கைப்பம்பை அடிக்க, இன்னொருவர் திருகைத் தளர்த்திப் பிடித்துப் பார்க்க வேண்டும். அண்ணன் தானாக வந்து பம்பைப் பிடித்தான்.

"கொப்புளம் வருதா?"

"வந்துகினே கீது. அடி."

"இப்போ?"

"இன்னும் கொஞ்சம்... நின்னுச்சு. சுத்தமா வருது. வுடு."

இத்தனை வருஷத்துக்கு அப்புறம் அவர்கள் பேசினது இவ்வளவுதான். நான் சாக்கை இழுத்து ஐஸை மூடுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். எனக்கு இன்னாத்துக்கு இப்படி கண்ணுல தண்ணி?

ஆகஸ்ட் 21

பலகை காய்ந்து கிடக்கிறது. செங்கம்மாள் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

கண்ணாயிரம் குப்பத்துக்கு வந்தான். "பட்டை நிக்குதான்னு பாக்க வந்தேன்." வண்டிக்கு அடியில் குனியவே இல்லை. அண்ணி ஆதியம்மாள் சோறு போட்டாள். அலை கட்டுமரத்தைக் கவிழ்த்த கதை, துடுப்பைத் தொலைத்துவிட்டு அப்பாவுக்குப் பயந்து சவுக்குத் தோப்பில் ஒளிந்த கதை. உள்ளே இருந்து கேட்டேன். கண்ணை மூடினால் இருபது வயசுப் பையன்கள்தான் பேசுகிறார்கள்.

செப்டம்பர் 14

மறுபடி வந்தான். பட்டை நன்றாகத்தான் இருக்கிறதாம்.

அக்டோபர் 5, ஞாயிறு

கரையில் அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். என் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"அன்னிக்கு அப்பா முன்னாடி நான் வாயத் தொறந்திருக்கணும். இப்போ கேக்கறேன். உனக்கு இன்னா தோணுது?"

இந்த வயசில் என்ன சொல்வது? குப்பத்தில் சிரிப்பார்களா? சிரித்தால்தான் என்ன?

1976 ஜனவரி 13, செவ்வாய் — செங்கல்பட்டு

விடிந்ததும் வாசலில் ஹாரன் சத்தம். அண்ணன் வண்டி. பின்னால் கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, அரிசி, வெல்லம். புதுப் பானையை அண்ணி மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எதுக்குண்ணா இவ்ளோ?" என்றேன்.

"தலைப் பொங்கலுக்குப் பொறந்த வூட்டு வரிசை வராம இருக்குமா?" என்று கரும்பின் ஒரு முனையைத் தூக்கினான். என் வீட்டுக்காரர் பட்டறையிலிருந்து கை நிறைய மசியோடு ஓடி வந்து மறுமுனையைப் பிடித்தார். கரும்பில் மசி படப்போகிறது என்று நான் சத்தம் போட்டேன். இரண்டு பேரும் காதில் வாங்கவில்லை.