வாசல் தாண்டாத தொட்டில்

ஐப்பசி, செவ்வாய் இரவு.

தொட்டில் வாங்கப் போனேன். இருட்டினதும் றோட்டில் ஆமி ரோந்து வருமென்று சன்னலெல்லாம் இறுக்கி அடைத்துவிடுகிற காலம் இது. மகள் நிறைமாதக்காரி, மூச்சிழுக்கிற முட்டு வருத்தமும் உண்டு. அவள் படுக்கிற அறையில் வார்னிஷ் மணம் நின்றால் அவளுக்கும் மூச்சு வராது, பிறக்கிற பிள்ளைக்கும் வராது.

வாழைச்சேனையில் மரவேலை செய்கிற ஓடாவி பளபளவென்று ஒன்றைக் காட்டினார். மூக்கை உள்ளே விட்டேன். அடுக்கடுக்காகத் தும்மல்.

“சவப்பெட்டிக்கும் இதே வார்னிஷ்தான் அடிக்கிறன். படுத்த ஒருத்தரும் இன்னும் குறை சொல்லல்ல” என்றார்.

சிரிப்பதா ஓடுவதா தெரியவில்லை. வார்னிஷ் காணாத வேப்பமரத் தொட்டிலைப் பெரிய அறிவாளி போலச் சைக்கிளில் கட்டி வந்தேன்.

மனைவி வேலிப் படலையிலேயே மறித்தாள். “இஞ்சருங்க, பிள்ளை பிறக்கமுன்னம் வெறுந்தொட்டில் வீட்டுக்குள்ள வரலாமா? உங்களுக்கு மூக்கு மட்டுந்தானா இருக்கு?”

தொட்டில் மாமரத்தடியில் நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரி பொழுதுபடுமுன் ஊருக்கே சொல்லிவிட்டாள். ஒரு கோழி ஏறிப் படுத்தும் பார்த்துவிட்டது.

இப்போது தூறுகிறது. வெறும் மரம் நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும், அதுவும் மணக்கும். உள்ளே எடுத்தால்... எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. இல்லைதான். ஆனால் இந்த நாட்களில் எதை நம்பாமல் விடுவது?

மனைவியும் உறங்கவில்லை. “குடையையாவது விரிச்சு வைங்களன்” என்கிறாள்.

வைக்கலாம். இருட்டில் முற்றத்தில் குடையோடு நிற்கிறவனை, றோட்டில் ரோந்து போகிறவர்கள் யாரென்று நினைப்பார்களோ.