மச்சான் என்றொரு பார்டிஷன்

15.09.2025, திங்கள், காலை 6.10. அபுதாபி வந்து 112 நாள்.

அன்புள்ள அனுப்பிரியா,

நான் நலம். உன் இருமல் நின்றதா? செம்மண்டலத்தில் அம்மா அப்பா சௌக்கியமா?

நேற்று இங்கிருந்தபடியே நம் வீட்டு லினக்ஸ் லேப்டாப்புக்குள் நுழைந்து பார்த்தேன். அதன் வட்டில் என் பெயரில் தனியாகப் பிரித்து வைத்திருந்த 200 ஜிபி பார்டிஷன் 120 ஆகச் சுருங்கியிருந்தது. வெட்டிய 80-இல் 'மச்சான்' என்று புதிதாக ஒன்று. போனில் கேட்டால், சிதம்பரத்திலிருந்து உன் மாமா மகன் கதிரவன் வந்து செய்துகொடுத்தான் என்கிறாய். அவன் உனக்கு மச்சான் முறை. என்னை நீ 'மாமா' என்றுதான் கூப்பிடுகிறாய். என் இடத்தை வெட்டி அவன் பெயரா? அந்த எரிச்சலில்தான் "பேக்கப் எடுத்தானா?" என்று கத்தினேன்.

"அட லூசு மாமா! கல்யாணத்துக்கு முன்னாடி உங்கள என்னான்னு கூப்புட்டேன்? அப்ப எடுத்த போட்டோதான் அதுல இருக்கு" என்றாய்.

மறந்தே போயிருந்தேன். இப்போது கதிரவன் மேல் பொறாமை பாதிதான். மீதி, தேவனாம்பட்டினம் கடற்கரையில் தினமும் உன்னோடு நடந்த அந்த மச்சான் மேல்.

எலுமிச்சை ஊறுகாய் அனுப்பு. கம்பெனி பஸ் வந்துவிட்டது.

அன்பரசு

நான் செய்யப்போவது:
1. கதிரவனுக்கு நன்றி சொல்வேன், சுருக்கமாக.
2. டிசம்பரில் வந்து மொத்த 200-ஐயும் மச்சானுக்கே கொடுத்துவிடுவேன்.
3. அதன்பின் நீ 'மாமா' என்றால் திரும்பிப் பார்க்க மாட்டேன்.