நில் என்று காட்டிய கை

ஏப்ரல் 15, சனி

காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் எங்கள் கேரவன் வீட்டைப் பண்ணைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்தோம். ஆறு மாதம் பூட்டிக் கிடந்த வாடை. எலி இந்த வருஷமும் வந்துபோயிருக்கிறது, திரைச்சீலையின் கீழ்விளிம்பை மட்டும் ருசி பார்த்திருக்கிறது. என் புருஷன் யெல்லெ வழக்கம்போல் சக்கரத்தை ஓர் உதை உதைத்து, "இன்னும் பத்து வருஷம் ஓடும்" என்றான். கேரவனைச் சொன்னானா, தன்னைச் சொன்னானா?

மதியம் ஏரிக்கரை முகாம், செப்டம்பர் வரை இதுதான் எங்கள் வீடு. இங்கே யார் வந்து கேரவனைப் பின்னுக்கு எடுத்தாலும் மற்றவர்கள் நாற்காலியும் காப்பியுமாக வேடிக்கை பார்க்க வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கூப்பிடாமல் உதவி செய்யக்கூடாது, கை பிரேக் போடும் சத்தம் கேட்கும்வரை சிரிக்கக்கூடாது. இரண்டே சட்டம்தான். யெல்லெ வந்தால் பார்க்க ஒன்றுமே இல்லை என்று பக்கத்து இடத்து ஒன்னோ வருஷா வருஷம் குறைப்பட்டுக்கொள்வான். முப்பத்து நாலு வருஷமாக அவன் ஓட்டுகிறான், நான் பின்னால் நின்று கை காட்டுகிறேன். ஒரே வீச்சில் உள்ளே போய்விடும்.

இன்று தண்ணீர்க் குழாய்க் கம்பத்தில் இடித்தான்.

நான் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி நின்றேன். நில் என்றுதான். கேரவன் வந்துகொண்டே இருந்தது. கத்தினேன். கம்பம் சாய்ந்து, தண்ணீர் பீய்ச்சி அடித்து, தலையிலிருந்து செருப்பு வரை நனைந்துவிட்டேன். யெல்லெ இறங்கி வந்தான்.

"வா வான்னு நீதானே கை காட்டின?"

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் என்ன சொன்னேன்? "ஆமா, என் தப்புதான்" என்றேன். ஏன் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை. அவன் முகத்தில் இருந்தது கோபம் இல்லை. பயம். யெல்லெ பயந்து நான் பார்த்ததில்லை.

"முப்பத்து நாலு வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் ஒரு நல்ல படம் காட்டியிருக்கீங்க!" என்று ஒன்னோ கை தட்டினான்.

ஏப்ரல் 16

குழாயை அவனே சரி செய்தான். மூன்று மணி நேரம்.

ஏப்ரல் 27

அரசர் நாள், நாடே ஆரஞ்சு உடுத்திக்கொள்ளும் நாள். ஒன்னோ காலையிலேயே ஆரஞ்சுத் தொப்பி, ஆரஞ்சுச் சட்டை, ஆரஞ்சுக் காலுறை. பத்து மணிக் காப்பி கேரவனோடு ஒட்டிக் கட்டிய எங்கள் முன்கூடாரத்தில். பெப்பும் வந்தாள். இரண்டு இடம் தள்ளி இருக்கிறாள், என் வயதுதான். புருஷனை அனுப்பிவிட்டுக் கேரவனை வைத்துக்கொண்டவள். ஒண்டியாகவே போர்ச்சுகல் வரை இழுத்துக்கொண்டு போய் வருவாள்.

ஆளுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்ததும், "டப்பாவை மூடுடி, ஒன்னோ பார்க்கறான்" என்றாள்.

ஒன்னோ தன் கேரவனுக்கு மோட்டார் மாட்டியிருக்கிறான். ரிமோட்டை வைத்துக்கொண்டு பொம்மைக் கார் மாதிரி நகர்த்துகிறான். யெல்லெக்கு அது பிடிக்காது.

"ஓட்டத் தெரியாதவனுக்குத்தான்டா ரிமோட்டு."

"ஓட்டத் தெரிஞ்சவன் குழாயை இடிப்பான். நான் இடிச்சேனா?"

"அது ரின்ஸ்கே இடிச்சது" என்றான் யெல்லெ, என்னைக் காட்டி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அப்படிச் சொல்லிக்கொண்டே கையை வீசியதில் வலது பக்கம் இருந்த பால் கிண்ணத்தைத் தட்டிவிட்டான். அவனே வைத்த கிண்ணம்.

மே 21

முகாமின் பாத்திரம் கழுவும் கொட்டகையில் பெப்பும் நானும்தான் இருந்தோம். அவள் குழாயைத் திறந்துவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "அன்னிக்கு நான் பார்த்துட்டுதான் இருந்தேன். ரெண்டு கையையும் தூக்கித்தான் நின்ன."

"சரி, அதுக்கென்ன இப்போ?"

"அவனுக்குக் கண்ணாடியில நீ தெரியல, ரின்ஸ்கே. அவன் கண்ணுல ஏதோ கோளாறு."

"உன் புருஷனைத்தான் துரத்திட்ட, என் புருஷனை விட்டுடு" என்று சொல்லிவிட்டுச் சோப்பு நுரையோடு பாத்திரங்களை அப்படியே போட்டுவிட்டு வந்துவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்துக் கழுவித் துடைத்த பாத்திரங்கள் எங்கள் படியில் இருந்தன. எனக்கு வெட்கமாக இருந்தது. போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மே 22

காப்பி ஊற்றும்போது கோப்பைக்குள் விரலை விட்டுப் பார்க்கிறான். எப்போதிலிருந்து?

ஜூன் 3

அவன் வெளியே உட்கார்ந்து ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவனுக்கு வலது பக்கம், இரண்டடி தள்ளி, சத்தமில்லாமல் போய் நின்றேன். இரண்டு கையையும் தூக்கினேன். கட்டிய புருஷனை வேவு பார்க்கிறேனே என்று என் மேலேயே அருவருப்பாக இருந்தது. அவன் திரும்பவில்லை. கை வலிக்கும்வரை நின்றேன்.

பிறகு மூக்கை உறிஞ்சினான். "வெங்காயம் நறுக்கினியா?" என்றான், ஏரியைப் பார்த்தபடியே. "எவ்வளவு நேரமா நிக்கற?"

"கொஞ்ச நேரமா."

"கையைத் தூக்கிட்டா?"

அழுதுவிட்டேன்.

நவம்பரிலேயே டாக்டர் சொல்லிவிட்டாராம். கண்ணுக்குள் அழுத்தம். ஓரத்துப் பார்வை போய்விட்டது, வலது பக்கம் அதிகம். போனது வராது, சொட்டு மருந்து விட்டால் இருப்பது நிற்கலாம். வண்டி ஓட்டக்கூடாது. மருந்தைக் கருவிப்பெட்டியில் திருகாணிகளோடு ஒளித்துவைத்திருக்கிறான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறான், நானும் ஆறு மாதம் அந்தச் சோற்றைத்தான் தின்றிருக்கிறேன்.

"நேராப் பார்த்தா நீ நல்லாத் தெரியற. ஓரத்துக்குப் போனா நீ இல்ல. மங்கலாக்கூட இல்ல. இல்லவே இல்ல."

இரக்கமும் கோபமும் சேர்ந்தே வந்தன. வாயைத் திறந்தது கோபம்தான். தெரிஞ்சே ஓட்டினியா? அவ்வளவு நீள வண்டியை? ரோடு முழுக்க சைக்கிள்ல பிள்ளைங்க போவுதுங்க — கம்பம் இருந்த இடத்துல நான் நின்னிருந்தா? "கடைசியா ஒரு தடவைன்னு நெனச்சேன்" என்றான். கடைசியா ஒரு தடவையாம்! அத்தனை பேர் முன்னால பழியை என் தலையில போட்டியே, அதுவும் கடைசித் தடவைதானா? கேட்டேன்.

இரவு படுத்த பிறகு என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டான். விடுவித்துக்கொள்ள நினைத்தேன், முடியவில்லை.

ஜூன் 4

கார் சாவி என் கைப்பையில். அவன் கேட்கவில்லை.

ஜூன் 20

செப்டம்பர் முப்பதுக்குள் முகாமில் ஒரு கேரவன் இருக்கக்கூடாது. எல்லாம் கொட்டகைக்குப் போய்விட வேண்டும். யார் இழுப்பது? வெறும் காரை நான் தினமும் ஓட்டுகிறேன், கேரவன் மாட்டிய காரைத் தொட்டதே இல்லை. "ஒன்னோகிட்ட சொல்லலாமே" என்றேன். "யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லக்கூடாது" என்றான்.

மாலை பொதுக் குளியலறை அறிவிப்புப் பலகையில் அவன் கையெழுத்தில் ஒரு சீட்டு. கேரவன் விற்பனைக்கு. நல்ல நிலை. காரணம்: மனைவிக்கு அலுத்துவிட்டது.

எனக்கு அலுத்துவிட்டதாம்! இந்தக் கரையில் எனக்கு அலுத்தது ஒன்றே ஒன்றுதான், அதன் பெயர் யெல்லெ.

இல்லை, அதுவும் இல்லை. இதை எழுதும்போது எதிரில் உட்கார்ந்து பட்டாணி உரிக்கிறான். ஒவ்வொரு காயையும் முகத்துக்கு நேரே கொண்டுவந்து பார்த்துப் பார்த்து உரிக்கிறான். இவனை விட்டு நான் எங்கே போக?

ஜூன் 21

பெப்பிடம் போனேன். மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன், பாதியில் நிறுத்திவிட்டாள். "சீட்டைப் பார்த்தேன். இழுக்கக் கத்துக்கறியா, இல்ல அழுதுட்டே இருக்கப் போறியா? ரெண்டுக்கும் எனக்கு நேரம் இருக்கு."

ஜூலை 8

பண்ணைக்காரரின் களத்தில், பெப்பின் கேரவனை மாட்டிக்கொண்டு நான்காவது தடவை. முன்னுக்குப் போவது ஒன்றுமே இல்லை. பின்னுக்குத்தான். ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தால் கேரவன் வலது பக்கம் போகிறது. என் மூளை அதை நம்ப மறுக்கிறது.

"அதோட பின்புறம் எங்க போகணுமோ அதுக்கு எதிர்ப் பக்கம் திருப்புடி! எதிர்ப் பக்கம்! கல்யாணம் ஆகி இத்தனை வருஷமாச்சு, எதிராப் போறது எப்படின்னு இன்னுமா தெரியல?"

யெல்லெக்கு நான் எங்கே போகிறேன் என்று தெரியும். கேட்பதில்லை. திரும்பி வந்தால் சூப் சூடாக இருக்கிறது.

ஜூலை 9

கழுத்து வலி. தைலம் தேய்த்துவிட்டான். "மெதுவா எடு" என்றான். கழுத்தைச் சொன்னானா என்று கேட்கவில்லை.

ஆகஸ்ட் 5

நாளை கேரவனைப் பார்க்க க்ரோனிங்கன் நகரத்திலிருந்து ஒரு ஜோடி வருகிறார்கள். புல்லில் வைத்துப் பார்க்க முடியாது, அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும், கல் பாவிய பாதைக்குக் கொண்டுவையுங்கள் என்று கேட்டார்கள். வேறு வழியில்லை. முன்கூடாரத்தைக் கழற்றினோம். கொக்கியை மாட்டினேன். யெல்லெ உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு வெளியே வரமாட்டேன் என்றான். ஓடும் கேரவனுக்குள் ஆள் உட்காரக்கூடாது, இறங்கு என்று அதட்டினேன். இறங்கினான்.

நாற்காலிகள் வந்துவிட்டன. காப்பி வந்துவிட்டது. ஒன்னோ இடுப்பில் கை வைத்து நின்றான். கிளப்பினேன். வண்டி கனத்தது. இன்னும் அழுத்தினேன். ஏதோ கிழியும் சத்தம். யாரும் வாயைத் திறக்கவில்லை, சட்டம் அப்படி. பாதையில் ஏற்றிக் கை பிரேக்கைப் போட்டேன்.

முகாமே வெடித்துச் சிரித்தது.

இறங்கிப் பார்த்தேன். கேரவன் ஆடாமல் நிற்பதற்கு நான்கு மூலையிலும் இறக்கிவைத்திருக்கும் இரும்புக் கால்களில் மூன்றைத்தான் ஏற்றியிருக்கிறேன். நான்காவது கால் எங்கள் இடத்திலிருந்து பாதைவரை புல்லை உழுதுகொண்டே வந்திருக்கிறது.

"ஏர் நல்லாத்தான் ஓட்டற! உருளைக்கிழங்கு நட்டுடலாமா?" என்றான் ஒன்னோ. "ஏழு சாலு இன்னும் பாக்கி இருக்கு, திரும்பி வா!" என்று யாரோ. பெப் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். காது சுட்டது. ஓடிவிடலாமா என்று இருந்தது. ஆனால் புல்லில் விழுந்த உழவுச் சாலைப் பார்த்தேன், அவ்வளவு நேராக இருந்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "நேரா இருக்குல்ல? அதைச் சொல்லுங்க!" என்றேன்.

யெல்லெ சிரிக்கவில்லை. தலையைத் திருப்பித் திருப்பி என்னைத் தேடிக்கொண்டிருந்தான். கண்டுபிடித்ததும் அப்படியே நின்றான்.

ஆகஸ்ட் 6

ஜோடி வந்தது. சின்ன வயது. பத்து மணிக் காப்பி நேரம், எல்லோரும் அங்கேதான். யெல்லெ கேரவனின் ஒவ்வொரு ஜன்னலையும், ஒவ்வொரு கொக்கியையும் தொட்டுத் தொட்டுக் காட்டினான். கை ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. அந்தப் பெண் கேட்டாள்: "இவ்வளவு நல்லா வெச்சிருக்கீங்க. உங்களுக்கு ஏன் அலுத்துப்போச்சு?" என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

நான் பிஸ்கட் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்லத் தயாராக இருந்தேன், இவ்வளவு செய்தாயிற்று, இதையும் செய்துவிடலாம் என்று.

"அவளுக்கு அலுக்கல" என்றான் யெல்லெ. "எனக்குக் கண்ணு போச்சு. நவம்பர்லயே போச்சு. அந்தக் குழாயை இடிச்சது நான்தான். அவ நில்லுன்னு ரெண்டு கையாலயும் காட்டினா. எனக்குத் தெரியல. பழியை அவ மேல போட்டேன்."

ஒன்னோ தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டுக்கொண்டான்.

"நேத்து இவ்வளவு பேரும் சிரிச்சாங்க. அவ நின்னா" என்றான் யெல்லெ. "நான் நிக்கல."

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை, பாவம். "அப்போ இதை இங்க யார் இழுத்துட்டு வந்தது?"

"இவதான்."

"இவங்க ஓட்டுவாங்கன்னா, நீங்க ஏன் விக்கறீங்க?"

யெல்லெ என் பக்கம் திரும்பினான். "ஒன்னோ, நாற்காலியை எடுத்துப் போட்டு உட்காரு" என்று எழுந்தேன். கேரவனை எங்கள் இடத்துக்குள் பின்னுக்கு எடுத்தேன். ஆறு தடவை முன்னும் பின்னும் போக வேண்டியிருந்தது. ஒன்னோ எண்ணிச் சொன்னான், சத்தமாக.

ஆகஸ்ட் 7

பலகையில் சீட்டு இல்லை. கேட்டேன். "காத்துல போயிருக்கும்" என்றான். நாலு ஆணியும் அவன் சட்டைப்பையில்.

செப்டம்பர் 30, சனி

கேரவன் கொட்டகைக்குள் போய்விட்டது. கீறல் ஒன்றே ஒன்று, அதுவும் ரப்பரில்தான். ஆனால் எழுத வேண்டியது காலையில் முகாம் வாசலில் நடந்தது.

கிளம்பும் முன் யாராவது பின்னால் நின்று விளக்குகள் எரிகின்றனவா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அது இல்லாமல் யாரும் வாசலைத் தாண்டமாட்டார்கள். இத்தனை வருஷம் அது என் வேலை. இன்று நான் ஸ்டியரிங் முன்னால். ஒன்னோவைக் கூப்பிட ஜன்னலை இறக்கினேன். அதற்குள் யெல்லெ இறங்கி, கேரவனின் பக்கவாட்டைக் கையால் தடவியபடி பின்னால் போய்விட்டான்.

"இடது!"

போட்டேன்.

"எரியுது!"

பிறகு சத்தமே இல்லை. மற்றவர்கள் நின்ற இடத்திலிருந்தே இரண்டு பக்கத்தையும் பார்த்துவிடுவார்கள். அவன் ஒரு விளக்குக்கு நேரே நின்று பார்த்துவிட்டு, அடுத்த விளக்குக்கு நேரே நடந்துபோக வேண்டும்.

"வலது!... எரியுது!"

பிரேக்குக்கு மறுபடி இடது கோடி, மறுபடி வலது கோடி. எங்களுக்குப் பின்னால் ஏழு கேரவன்கள். முதலில் நின்றது ஒன்னோ. சிக்னல் பச்சையாவதற்குள் ஹாரன் அடிக்கிற ஆள். அவன் என்ஜினை அணைத்துவிட்டான். அவன் பின்னால் பெப் அணைத்தாள். அப்புறம் ஒவ்வொருவராக எல்லோரும் அணைத்தார்கள். ஏரிக்கரை அமைதியாக இருந்தது. யெல்லெயின் காலடிச் சத்தம் மட்டும் சரளைக் கல்லில் கேட்டது.

நான் பிரேக்கை அழுத்தியபடி காத்திருந்தேன். அவசரமில்லை, நிதானமாப் பாரு என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கதவைத் தடவித் திறந்து ஏறி உட்கார்ந்தான். பெல்ட்டைப் போட்டான்.

"எல்லாம் எரியுது."

"நல்லாப் பார்த்தியா?"

"ஒவ்வொண்ணாப் பார்த்தேன்" என்றான். "கிளம்பு."