இருபதும் இருபத்தெட்டும்

என் தங்க மதினி,

அம்மா காதில் விழும் தூரத்தில் இருந்தால் உன்னை "நீங்க" என்பேன். ஏணியில் ஏறி, அறைக்கு மேலே பலகை அடித்த மாலாப் பரணுக்கு நாம் இருவரும் போய்விட்டால் "நீ" என்பேன். அண்ணன் பெண்டாட்டியை அப்படிக் கூப்பிடுவது தெரிந்திருந்தால் அம்மா என் வாயில் மிளகாயைத் தேய்த்திருப்பாள். அவளுக்குத் தமிழ் படிக்க வராது. அதனால் இங்கே நீ தான்.

வீட்டில் எல்லோரும் இருக்கிறோம். அண்ணன் மறுபடி ஒழுங்காக ஷேவ் செய்கிறான். தோல் பை தைக்கும் அவன் பட்டறைக்குப் புது மெஷின் வந்திருக்கிறது. நான் அதே மாட்டுங்கா ஆபீஸுக்குத்தான் போகிறேன், டிரெயினில் அதே மாதிரி புத்தகத்துக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டு. உன் பக்கத்தில் வெளிச்சம் எப்படி? தாராவியைவிட மோசமாக இருக்காது என்று நினைக்கிறேன்.

நீ போன வருஷம் நாங்கள் எந்தப் பண்டிகையும் கொண்டாடவில்லை. இந்த வருஷம்தான் ஆயுத பூஜை. அண்ணனின் கத்தரியோடு உன் கேமராவையும் இரண்டு லென்ஸையும் உன் படத்துக்கு முன்னால் அடுக்கினோம். கத்தரிக்குச் சந்தனம், மெஷினுக்குச் சந்தனம் என்று வைத்துக்கொண்டே வந்த அம்மா, லென்ஸின் கண்ணாடி நடுவிலும் ஒரு பொட்டை அழுத்திவிட்டாள். மேலே குங்குமம் வேறு.

அண்ணன் பனியனால் துடைக்கப் போனான். நான் அலறி, ஜமீலாவுக்குப் போன் செய்தேன். மனமில்லாமல்தான். உன்னோடு ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு விசேஷங்களுக்குப் படம் எடுக்கப் போன ஜமீலாவை எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை, உனக்குத் தெரியாதா? முதலில் உனக்கு லைட் பிடித்தவள் நான். அவள் வந்தாள், அவளுக்கு நிஜமாகவே படம் எடுக்க வந்தது, நான் வீட்டில் நின்றுவிட்டேன்.

அவள் ஊதி, நனைத்து, மெல்லிய துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தாள்.

"ஏன் மாமி, இத நெத்தின்னு நெனச்சிட்டியளா?"

"பின்ன அதுக்கு நெத்தி எங்க இருக்குன்னு நான் என்னத்தக் கண்டேன்?" என்றாள் அம்மா. "உள்ள பாத்தா கண்ணு மாதிரி முழிச்சுக்கிட்டு இருக்கு. கண்ணுக்கு மேல வச்சேன்."

ஜமீலா சிரித்த சிரிப்பில் ஏணி ஆடியது. அண்ணனும் சிரித்தான். நீ இறந்த பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அதைக்கூட இவள்தான் வந்து செய்ய வேண்டியிருந்தது.

பிறகு லென்ஸை ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தவள் முகம் மாறியது. "பூஞ்சை ஏறப் பாக்குது. பீரோல வச்சா இன்னொரு மழை தாங்காது. யூஸ் பண்ணணும்."

அண்ணன் இரண்டு லென்ஸையும் எங்கள் முன்னால் வைத்தான். "கேமரா வீட்டோட இருக்கட்டும், செல்வி வச்சுக்கட்டும். லென்ஸ் ரெண்டு, ஆளுக்கு ஒண்ணு. உன் கேமராவுக்குச் சேரும்லா ஜமீலா? செல்வி, மொதல்ல நீ எடு."

இரண்டும் அகலக் கோண லென்ஸ்கள். இரண்டிலும் ஜூம் கிடையாது. முன்னே பின்னே காலால் நடந்துதான் படத்தைச் சரி செய்ய வேண்டும். ஒன்று இருபது எம்எம், மற்றது இருபத்தெட்டு. ஒரு வாரம் டைம் வாங்கிக்கொண்டு படித்தேன். எதில் ஓரம் மங்கும், எதில் நேர்கோடு வளையும், எல்லாம் படித்தேன். எது யார் கைக்குப் போகக் கூடாது என்று மட்டும் எவரும் எழுதியிருக்கவில்லை.

ஏணிப் படியில் உட்கார்ந்து இரண்டையும் மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்தேன். இருபதில் முழு அறையும் வந்தது. அடுப்பு, அண்ணன், அம்மா, உன் படம், வாசல். ஓரத்தில் இருந்த அம்மாவின் தோள் மட்டும் பரோட்டா மாவு போல இழுபட்டிருந்தது. இருபத்தெட்டில் முகங்கள் முகங்களாக இருந்தன, ஆனால் அறை பாதிதான். இந்தப் பக்கத்து அறைகளில் சடங்கு, வளைகாப்பு, பூ வைத்தல் எல்லாம் எடுக்க இருபது இல்லாமல் முடியாது. ஜமீலாவுக்கு வேண்டியது அதுதான் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

இருபதை எடுத்துக்கொண்டேன்.

வந்திருந்த ஜமீலாவின் முகம் வாடுவதைப் பார்க்கத் தயாராக இருந்தேன். அவளோ இருபத்தெட்டை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"அக்கா இத எனக்கு ஒரு நாளும் தந்ததில்ல, தெரியுமா? கேட்டா, ஏட்டி, அது வீட்டு லென்ஸு, வேலைக்கு வராதுன்னுருவாங்க."

மதினி, ஏன் என்னிடம் சொல்லவில்லை? மாலாவில் நான் சுவரில் காலை வைத்துப் படித்துக்கொண்டிருக்கும்போது க்ளிக் என்று சத்தம் கேட்கும். நிமிர்ந்தால், "பல்லக் காட்டாத, படி" என்பாய். அம்மா தூங்கும் படம், அண்ணன் கண்ணாடி பார்க்கும் படம், எல்லாமே அதில் எடுத்தவையா? நீ எங்களைப் பார்த்த கண்ணாடியை என் கையாலேயே அவளுக்கு எடுத்துக் கொடுத்தேனா?

அடுத்த ஞாயிறு தொண்ணூறடி ரோடு பக்கம் ஒரு வளைகாப்பு. ஜமீலா அங்கே இருப்பாள் என்று தெரிந்து இருபதைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். அவள் சந்தில், எதிர்ச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, வாசல் வழியாக இருபத்தெட்டில் எடுத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கேனோடு வந்தவர், "சைட் தோ, பெஹன்" என்று வழி கேட்டு அவளைத் தாண்டிப் போனார். அறைக்குள் கால் வைக்க இடமில்லை.

"மாத்திக்கலாம்" என்றேன். "இந்தா, இருபது. உனக்குத்தான் இது வேணும்."

"வேணும்தான்." கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. "ஆனா இதத் தரமாட்டேன்."

"ஏன்?"

"நீ அவங்ககூட ஒரே வீட்டுல இருந்த. ஒண்ணாச் சோறு தின்ன, சண்ட போட்ட. எனக்கு வாரத்துல ஒரு நாளு. அதுலயும் வேலை முடிஞ்சதும், செல்வி காத்துக்கிட்டு இருப்பான்னு ஓடிருவாங்க. ஒரு கட்டிங் சாய் குடிக்க நிக்கமாட்டாங்க. செல்வி, செல்வி! உன் பேரக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும்."

சந்தில் நின்றபடி அவளைப் பார்த்தேன். அழுகிறாளா, வியர்வையா, தெரியவில்லை. எனக்கு என்ன ஆயிற்று தெரியுமா மதினி? இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சந்தோஷமாக இருந்தது. நீ போனபின் இவ்வளவு இனிப்பான ஒன்றை யாரும் எனக்குச் சொல்லவில்லை. இன்னொரு தடவை சொல் என்று கேட்கலாம் போல இருந்தது.

உள்ளேயிருந்து ஒரு அத்தை கத்தினாள்: "ஏட்டி, போட்டோ புடிக்கியளா, பஞ்சாயத்துப் பேசுதியளா? வளையல் போட்டு முடியப் போகுது! புள்ளைக்கு முதுகு வலிக்கி!"

ஜமீலா லென்ஸைக் கழற்றி என் கையில் வைத்தாள். நான் இருபதைக் கொடுத்தேன். "முடிஞ்சதும் திருப்பித் தரணும்" என்றேன். "நீயும்" என்றாள். செருப்பை உதறிவிட்டு உள்ளே நுழைந்தாள். "சரி, குண்டா இருக்கவங்க எல்லாம் நடுவுல வாங்க! ஓரத்துல நின்னா ரெண்டு மடங்காத் தெரிவீங்க!" அறையே இடம் மாறியது. ஓரத்துக்குப் போக ஒருத்தியும் சம்மதிக்கவில்லை. அந்தச் சத்தத்தில் கர்ப்பிணிப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் வாசலில், உன் இருபத்தெட்டைத் துப்பட்டாவில் சுற்றி வைத்துக்கொண்டு நின்றேன். ஓடிப் போய்விடலாமா என்று நினைத்ததும் உண்மை.

ஓடவில்லை. விசேஷம் முடிந்ததும் மாற்றிக்கொண்டோம். இருவரும் மூடியைத் திறந்து, அவரவர் கண்ணாடியைச் சரிபார்த்தோம். பிறகு அவளே டீக்கடைக்குக் கூப்பிட்டாள்.

நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உன்னைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்றை அவள் சொல்லும்போது இன்னும் வயிறு எரிகிறது. அவளுக்கும் எரியட்டும். நீ ஒருத்தி எங்கள் இருவருக்கும் போதுமானவளாக இருந்தாயா, மதினி? இல்லை, இருவரையுமே கொஞ்சம் ஏமாற்றினாயா?

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இருபதை அவளுக்குக் கொடுத்துவிட மாட்டேன். பீரோவில் பூட்டவும் மாட்டேன். அவள் போகிற விசேஷத்துக்கெல்லாம் அதோடு நானும் போவேன். முடிந்ததும் டீக்கடையில் நிற்போம். அவளிடம் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குவேன். பதிலுக்கு நம் வீட்டிலிருந்து உன்னைப் பற்றி ஒன்று கொடுப்பேன். ஒன்றுக்கு ஒன்றுதான். கூட ஒன்று கெஞ்சினாலும் தர மாட்டேன்.

உன்னை இன்னும் பங்கு வைக்கப் பழகாத நாத்தனார்,
செல்வி